நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

வால்மோர் என் கையால் மாத்தே வாங்கிக் குடித்ததே இல்லை. பதினாலு வருஷமாக ஒரே கொட்டகை; நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். தினமும் காலையில் சுரைக்குடுக்கையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றுவேன். கலக்கினவளே முதலில் குடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கசப்பையும் தூசியையும் நான் விழுங்கிவிட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றி அவனிடம் நீட்டுவேன். ஊரில் அத்தனை பேரும் ஒரே குழலில் உறிஞ்சிக் கைமாற்றுகிறார்கள். இவன் மட்டும் தன் குடுக்கையை வீட்டிலிருந்தே பூட்டுப் போட்ட பையில் கொண்டுவருவான். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"நான் முதல்ல குடிச்சுக் காட்டிட்டுத்தானே தர்றேன்? அப்புறம் என்னடா உனக்கு?"

"முதல் தடவை நீ குடிச்சே, சரி. ரெண்டாவது தண்ணி ஊத்துறப்போ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னே."

என்ன செய்வீர்கள் இந்த மனுஷனை?

என் பெயர் மார்லீசி. சைலன்சர் குழாய்க்கு வெல்டிங் வைக்கிறவள். எங்கள் ஊரான பாத்தோ பிராங்கோவில் டர்போ வண்டி வைத்திருக்கிற எவனைக் கேட்டாலும் எங்கள் கொட்டகைக்கு வழி சொல்வான். வண்டி வந்தால் முதல் பாதி வேலை என்னுடையது. கம்பெனி போட்டு அனுப்பின ஒடுக்கமான குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, டர்போ வாயிலிருந்து பின்பக்க முனை வரைக்கும் அகலமான, துருப்பிடிக்காத எஸ்.எஸ். குழாய் வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் பொருத்துவேன். டர்போ என்பது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி; புகை தடையில்லாமல் வெளியே போனால்தான் அது மூச்சு விடும். அடுத்த பாதி வால்மோருடையது. மடிக்கணினியைச் சொருகி, இஞ்சின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் பொறி என்கிற கணக்கை எல்லாம் புதுசாக எழுதுவான். மேப் மாத்துவது என்று நாங்கள் சொல்வோம். அந்த வேலையில் அவனை அடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இதை நான் சொல்லாவிட்டால் என் வாய் அழுகிவிடும்.

ஆனால் சந்தேகம்! அப்பப்பா, அது அவன் ரத்தத்தில் ஓடுகிறது. மேப் எழுதும்போது தொப்பியைக் கழற்றி விசைப்பலகையை மூடிக்கொண்டு தட்டுவான். எழுதி முடித்ததை ஒரு பென் டிரைவில் போட்டு, கழுத்தில் அந்தோனியார் பதக்கத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டுக்கொள்வான். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அதன் டேங்கிலிருந்து அரை லிட்டர் ஆல்கஹால் எடுத்துப் புட்டியில் அடைத்து, சொந்தக்காரனிடம் கையெழுத்து வாங்கி ஒட்டிவிடுவான். இங்கே முக்கால்வாசி வண்டி கரும்பு ஆல்கஹாலில்தான் ஓடுகிறது. நாளைக்கு இஞ்சின் போச்சு என்று எவனாவது வந்தால் "உன் எரிபொருள்ல தண்ணி, இதோ பார்" என்று காட்டுவதற்காம். சாட்சிப் புட்டி என்று அதற்குப் பெயர். அவன் பக்கத்துச் சுவர் முழுக்கச் சாட்சிகள்தான் வரிசையாக நிற்கும்.

கல்யாணம் ஆகவில்லை. ஜாசிரா என்று நல்ல பெண், நிச்சயம் வரைக்கும் போனது. செவ்வாய்க்கிழமை தோறும் கோயில் பாடற்குழுவுக்குப் போகிறேன் என்பாள். உண்மையிலேயே அங்கேதான் போகிறாளா என்று இவன் கோயில் சுவருக்குப் பின்னால் நின்று, இருபது குரலில் அவள் குரல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். மூன்றாவது செவ்வாய் அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டாள். பாட்டை நிறுத்தாமலே மோதிரத்தைக் கழற்றி அவன் தலைக்கு நேராகப் போட்டாளாம். சிரிக்காதீர்கள், பாவம். சரி, சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தேன்.

ஏன் இப்படி ஆனான் என்று ஒரே ஒரு தடவை அவனே சொன்னான். பேய் மழை, கரண்ட் இல்லை, செய்ய வேலையும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பத்தொம்பது வயசுல நெடுஞ்சாலைப் பங்க்ல வண்டிக்கு ஆல்கஹால் அடிச்சுக்கிட்டிருந்தேன். காலையில பங்க் திறக்குறதுக்கு முன்னாடி முதலாளி தோட்டத்துக் குழாயை என் கையில குடுப்பார். டேங்குக்குள்ள தண்ணி விடுறது என் வேலை."

"அடப்பாவி! பம்புல கண்ணாடிக் குழாய் இருக்குமே, தண்ணி கலந்தா சிவப்புக் கோடு காட்டிக்குடுத்துடுமே?"

"அந்தக் கோடு பொய் சொல்ற மாதிரி முதலாளி ஏற்கெனவே மாத்தி வச்சிருந்தார். அதைத் தினமும் துணியால துடைச்சுப் பளபளன்னு வைக்கிறதும் என் வேலைதான். ஒரு நாள் என் ஞானத்தகப்பனோட பால் லாரி மேட்டுல நின்னுபோச்சு. அத்தனை பாலும் கெட்டுப்போச்சு. அவர் பங்கைச் சந்தேகப்படலை. முந்தின வாரம் இஞ்சினைத் தொட்ட மெக்கானிக்கைப் பிடிச்சு உலுக்கினார். ஊரே அந்த ஆளை ஏசுச்சு. ரெண்டு மாசத்துல கடையைக் கட்டிக்கிட்டுக் குடும்பத்தோட போயிட்டான்."

"நீ என்ன பண்ணினே?"

"பம்பைத் துடைச்சுக்கிட்டு நின்னேன். என்னை யாருமே சந்தேகப்படலை, மார்லீசி. ஒருத்தர்கூட. என் மூஞ்சி அப்படி. அன்னிலேருந்து எந்த மூஞ்சியைப் பார்த்தாலும் எனக்குப் பயம்."

கரண்ட் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சே கிடையாது.

இப்படிப்பட்டவன் பக்கத்தில் பதினாலு வருஷம் எப்படி இருந்தாய் என்று கேட்பீர்கள். என் வேலையைப் பற்றி மட்டும் அவன் வாய் திறந்ததில்லை, அதனால் இருந்தேன். நான் வெல்டிங் கற்றது பால் டேங்க் செய்யும் தொழிற்சாலையில். பால் டேங்குக்கு வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே வெல்டிங் வழவழவென்று இருக்க வேண்டும். ஒரு சின்ன முடிச்சு இருந்தாலும் பால் அதில் தங்கிப் புளித்துவிடும். அதே கையோடுதான் சைலன்சரையும் செய்கிறேன். என் குழாயின் உள்பக்கத்தை நாக்கால் தடவினாலும் கீறாது. குழாய் முழுக்கப் பொருத்தி நட்டுகளை முடுக்கியதும், நட்டிலிருந்து போல்ட் மேல் ஏறுகிற மாதிரி நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பேன். எவனாவது பின்னால் அவிழ்த்தால் கோடு உடையும். கோடு முழுசாக இருந்தால் அது மார்லீசி விட்டபடியே இருக்கிறது என்று அர்த்தம், பொறுப்பும் மார்லீசியுடையது. ஊருக்கே தெரியும் இது.

மூலை மருந்துக்கடையில் வருஷக்கணக்காக ஒரே செர்ரிச் சிவப்புதான் வாங்கினேன். போன ஏப்ரலில் அந்த நிறம் வருவது நின்றுபோயிற்று. என்னிடம் இருந்த புட்டியும் ஜூன் முதல் வாரத்தோடு காலி. கடைக்காரி திராட்சை ரச நிறத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்தாள், "ரெண்டும் சிவப்புத்தானே அக்கா" என்று. எனக்குப் பிடிக்கவில்லைதான். என்ன செய்வது, விரலுக்கா போடுகிறோம், நட்டுக்குத்தானே என்று வாங்கி வந்தேன். அதே ஜூனில் அந்தப் புதுப் புட்டியைத் திறந்து முதலில் கோடு இழுத்தது கறிக்கடை இவானோரின் வண்டியில்.

இவானோர் முப்பது வயசு ஆள், நல்ல உடம்பு, சத்தமான வாய். கறுப்புச் சின்ன டர்போ வண்டி. ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலில் இரண்டிரண்டு வண்டியாக நேர்கோட்டில் விட்டு ஓட்டுவார்களே, அதற்காகவே பணம் சேர்த்து வந்தான்.

"அக்கா, வால்மோர் அண்ணன் நான் வெட்டிக் குடுக்கிற கறியை வீட்டுல போய் மறுபடி எடை போடுறாராம். கேள்விப்பட்டீங்களா?"

"உன் கறியை மட்டுமா? கோயில்ல குடுக்குற அப்பத்தையே எடை போடுவான். வண்டியை ஏத்து."

வியாழக்கிழமை காலையிலேயே முழுக் குழாயும் பொருத்தினேன். டர்போ வாயில், இணைப்பு கசியாமலிருக்கப் புதுக் கேஸ்கெட் தகடு வைத்து நான்கு நட்டு முடுக்கி, கோடு இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது வால்மோர் வண்டியை, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிற சோதனை உருளைகள் மேல் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். வழக்கம் போல இஞ்சினோடு ஒரு ஒயரை இணைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, உள்ளே எங்கேயாவது டிக் டிக் என்று தட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் இவானோர் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது தெருவே திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை காலை அதே வண்டியை ஒரு லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

"மானம் போச்சு!" என்று இறங்கும்போதே கத்தினான். "வரிசையில நின்னு உறுமிக்கிட்டே இருந்துச்சு, கறுப்புக் கறுப்பாப் புகை. கோட்டுக்கு வந்ததும் இருமிச்சு, ரெண்டு தடவை குலுங்குச்சு, செத்துப்போச்சு. எல்லாரும் பாக்க நான் தள்ளிக்கிட்டுப் போனேன். 'இவானோர், சாயங்காலம் அதையும் கூறு போட்டுருவியா'ன்னு மைக்ல கிண்டல் பண்றான் ஒருத்தன்!"

வால்மோர் முதலில் டேங்கிலிருந்து எரிபொருள் எடுத்தான். சாட்சிப் புட்டியோடு வைத்துப் பார்த்தான். இரண்டும் சுத்தம். பிளக்கைக் கழற்றினான், நாலும் கரி பிடித்து நனைந்திருந்தது. மடிக்கணினியைச் சொருகி எண்களைப் பார்த்தான், ரொம்ப நேரம். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. டர்போவுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குழாயில் ஒரு சென்சார் இருக்கும். போகிற புகையை மோந்து, எரிபொருள் குறைச்சலா அதிகமா என்று கம்ப்யூட்டரிடம் கோள் சொல்வது அதன் வேலை. அதற்கு மேலே எங்கேயாவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். சென்சார் அதையும் சேர்த்து மோந்து, எரிபொருள் போதவில்லை என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி ஊற்று ஊற்று என்று ஊற்றும். மனுஷனை நம்பாத வால்மோர் உலகத்தில் நம்பின ஒரே ஆள் அந்தச் சென்சார்தான்.

"குழாய் கசியுது," என்றான்.

"என் குழாய் கசியாது."

"பார்த்துரலாம். ஆனா ஒண்ணு, மார்லீசி. வெளியில சொல்றாங்க, வால்மோர் மேப் போட்டா வண்டி செத்துப்போகும்னு. இது உன் வெல்டிங்கா இருந்தா, சனிக்கிழமைக்குள்ள உன் மெஷினை எல்லாம் எடுத்துடு."

கொட்டகை அவனுடையது. அது கூடப் பரவாயில்லை, வேறு இடம் பார்க்கலாம். வால்மோர் விரட்டிவிட்ட வெல்டரிடம் இந்த ஊரில் எவன் டர்போ வண்டியைக் கொண்டுவருவான்? நாற்பத்தேழு வயசில் நான் இனிமேல் வீட்டு கேட்டுக்கும் கோழிக்கூண்டுக்கும் கம்பி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு சோப்புத் தண்ணீர் கரைத்தேன்.

சோதனை எளிது. வால்மோர் தூசி உறிஞ்சுகிற மெஷினைத் திருப்பி மாட்டி, பின்முனை வழியாகக் குழாய்க்குள் காற்றை ஊதினான். நான் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே முன்னால் போனேன். கசிந்தால் நுரை கிளம்பும். முதல் வெல்டிங், ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்பதாவது, ஒன்றுமில்லை. எனக்குத் தெம்பு வந்தது. டர்போ வாயில் நான்கு நட்டு போட்ட பிளேட்டில் தடவினேன். புசுபுசுவென்று நுரை கிளம்பி என் கன்னத்தில் வழிந்தது.

"பாத்தியா!" வால்மோர் குனிந்து டார்ச் அடித்தான். "வெல்டிங் சூட்டுல உன் பிளேட்டு வளைஞ்சிருக்கு."

"யாராவது அவிழ்த்திருப்பாங்க."

"கோட்டைப் பாரு."

பார்த்தேன். கரியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நான்கு நட்டிலும் கோடு முழுசாக இருந்தது. எங்கேயும் உடையவில்லை. அம்மாடி, என் சொந்தச் சட்டமே என் கழுத்தைப் பிடித்துவிட்டது. மல்லாக்கப் படுத்தபடியே அழுகை வந்துவிட்டது எனக்கு. வெட்கத்தில் சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். கண்ணைத் துடைத்த துணியாலேயே இன்னொரு தடவை நட்டைத் துடைத்தேன். டார்ச் வெளிச்சம் நேராக விழுந்தது.

செர்ரிச் சிவப்பு.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். பளிச்சென்று செர்ரிச் சிவப்பு. என்னிடம் ஒரு சொட்டும் மிச்சமில்லாத நிறம்.

நட்டுகளை அவிழ்த்துப் பிளேட்டை இறக்கினேன். அதன் மேல் இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து இவானோரைப் பார்க்கச் சொன்னேன். அடியில் முடி அளவுகூட வெளிச்சம் வரவில்லை, பிளேட்டு வளையவில்லை. கேஸ்கெட்டை எடுத்தேன். அது ஒரு தடவைதான் உதவும். முடுக்கினால் நசுங்கி உட்காரும், அவிழ்த்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இதிலோ நசுங்கின தடம் இரண்டு இருந்தது, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் விலகி.

"இதை யாரோ அவிழ்த்துப் பார்த்துட்டு, பழைய கேஸ்கெட்டையே திரும்ப வச்சு முடுக்கியிருக்காங்க," என்றேன்.

இவானோர் நெற்றியில் அடித்துக்கொண்டான். "என் மச்சான்தான்! வெள்ளிக்கிழமை வண்டியை வாங்கிட்டுப் போனான். எதைக் கண்டாலும் நோண்டுற கை அது. இருக்கட்டும், இன்னிக்கு அவனை உரிச்சு உப்புத் தடவுறேன். அக்கா, மன்னிச்சுக்கங்க. அண்ணே, நீங்களும். உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை."

முடிந்தது. எனக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி. மச்சான் ஒருத்தன் வாங்கிக் கட்டிக்கொள்வான், அவ்வளவுதான். வால்மோர் தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். அவன் ஆட்டவில்லை. நான் என் மேஜைக்குப் போய்த் திராட்சை ரச நிறப் புட்டியை எடுத்துவந்து வண்டியின் பானட் மேல் வைத்தேன்.

"வியாழக்கிழமை நான் இழுத்த கோடு இந்த நிறம்," என்றேன். "நட்டு மேல இருக்கிறது என் பழைய நிறம். அவிழ்த்தவன் மறுபடி கோடும் போட்டிருக்கான். மச்சானுக்கு எப்படிப்பா தெரியும், நான் முன்னாடி என்ன நிறம் போட்டேன்னு?"

இவானோர் புரியாமல் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். நான் வால்மோரைப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவனாக இருக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. அவனைத் தவிர யார் என்றும் அதே மனசு கேட்டது.

சாவிக்கொத்து சத்தம் கேட்டது. வால்மோர் தன் மேஜையின் பூட்டைத் திறந்து, இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துவந்து என் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். செர்ரிச் சிவப்பு, பாதி இருந்தது.

"மச்சானை விட்டுரு, தம்பி. நான்தான்," என்றான். "நுரை கிளம்பினப்பவே தெரியும், சொல்ல வாய் வரலை. உள்பக்கம் வெல்டிங் எப்படி இருக்குன்னு கழட்டினாத்தான் தெரியும். அன்னிக்கு என்கிட்ட புதுக் கேஸ்கெட் தீர்ந்துபோச்சு. இவ சாப்பிட்டு வந்துருவாளேன்னு பழசையே வச்சு முடுக்கி, உடைஞ்ச கோட்டைச் சுரண்டிட்டு என் புட்டியால மறுபடி இழுத்தேன். நிறம் மாறினது தெரியலை. எனக்கு ரெண்டும் சிவப்புத்தான்."

"அன்னிக்குன்னா?" என்றேன். "மத்த நாள் எல்லாம் புதுக் கேஸ்கெட் இருந்துச்சா?"

அவன் செர்ரிச் சிவப்புப் புட்டியின் மூடியை இன்னும் இறுக்கினான்.

"எத்தனை வண்டி, வால்மோர்?"

"எல்லா வண்டியும்."

"பதினாலு வருஷமாவா?"

"நீ சாப்பிடப் போனதும்."

நான் சாப்பிடப் போனதும்! வீட்டில் சோறும் பீன்ஸும் சூடு பண்ணி, வேலை முடிந்த நிம்மதியில் ஒரு வாய் வைக்கிறேன். அந்த நேரத்தில் இங்கே இவன் படுத்துக்கொண்டு என் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியாமல் கடையில் போய் என் நெயில் பாலிஷ் நிறத்தைத் தேடி வாங்கியிருக்கிறான். பதினாலு வருஷமாக என் கோட்டை என்னைப் போலவே இழுத்திருக்கிறான்.

"எத்தனை கெட்ட வெல்டிங் பாத்தே? சொல்லு. எண்ணிச் சொல்லு!"

"ஒண்ணுகூட இல்லை."

"பின்னே ஏண்டா விடாம பாத்தே, பாவி?"

"அதனாலதான் மார்லீசி. ஒருத்தர் இத்தனை வருஷமா ஒரு தப்பும் பண்ணலைன்னா, எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு தோணும். ஒவ்வொரு தடவையும் சரியா இருக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம் இன்னும் கூடும்."

சோப்புத் தண்ணீர் வாளி என் காலடியில்தான் இருந்தது. அப்படியே தூக்கி அவன் தலையில் ஊற்றினேன். பதக்கமும் பென் டிரைவும் நுரையில் தொங்க, துடைக்காமல் நின்றான். இவானோர் இரண்டடி பின்னால் போய், "அண்ணே, நீங்க சும்மா இருந்திருந்தா நான் மச்சானைத்தானே அடிச்சிருப்பேன்," என்றான், ஏதோ அவனுக்கு நல்லது சொல்கிற மாதிரி.

"அதான்," என்றான் வால்மோர். "அப்பவும் என்னை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே மெஷினை எல்லாம் ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். மழை நாளில் அவன் சொன்ன அந்த மெக்கானிக் ஞாபகத்துக்கு வந்தான். அந்த ஆளுக்காக வாய் திறக்காதவன் எனக்காகத் திறந்தான். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நாலு நாள் அவனோடு பேசவில்லை. இவானோர் வண்டிக்குப் புதுக் கேஸ்கெட்டை நான் வைத்தேன், மேப்பை அவன் மறுபடி முதலிலிருந்து எழுதினான், எல்லாம் ஊமை நாடகமாக. அடுத்த ஞாயிறு அந்த வண்டி ஜெயித்தது. இவானோர் ஆளுக்கு ஒரு தொடை அனுப்பினான். வால்மோர் தன்னுடையதை எடை போட்டானா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை நான் மாத்தே கலக்கிக்கொண்டிருந்தபோது தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தான். கையில் பை இல்லை. நான் முதல் முறை உறிஞ்சிக் குடித்தேன். வேண்டுமென்றே அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டாவது வெந்நீரை ஊற்றினேன். நீட்டினேன். வாங்கிக் குழலில் வாய் வைத்து, சர்ரென்று அடி வரைக்கும் உறிஞ்சிக் குடித்துவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தான்.

"கசக்குது," என்றான்.

"கசக்கத்தான் செய்யும்," என்றேன்.

இப்போது தினமும் என் குடுக்கையில்தான் குடிக்கிறான். மடிக்கணினி மேல் தொப்பி போடுவதை விட்டுவிட்டான். என் குழாயைத் தொடுவதில்லை என்று அந்தோனியார் மேல் சத்தியம் செய்திருக்கிறான். நம்புகிறேன். அந்தச் செர்ரிச் சிவப்புப் புட்டியை அவனே என்னிடம் கொடுத்துவிட்டான். ஒரு சின்னப் பூட்டு வாங்கி, அதை என் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் சாப்பிட்டுத் திரும்பியதும் கை கழுவுவதற்கு முன்னால் வண்டிக்கடியில் குனிகிறேன். டார்ச் அடித்து நான்கு நட்டையும் பார்க்கிறேன். கோடு உடைந்திருக்கிறதா, நிறம் அதே நிறம்தானா என்று பார்க்கிறேன். எட்டு மாசம் ஆகிறது. ஒரு நாள்கூட உடைந்ததில்லை, நிறமும் மாறியதில்லை.

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.